மிச்சம் என்பது எதனின்? கலப்பினக் காரும் நீண்டகாலச் செலவும்



பெட்ரோலும் மின்னாற்றலும் சேர்ந்து இயக்கும் கலப்பினக் காரை வாங்கினால் நீண்டகாலத்தில் பணம் மிச்சமாகுமா? கார் வாங்க எண்ணும் சிங்கப்பூர்க் குடும்பங்களில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. விற்பனைக்கூடத்தில் ஒரு விடையும் டாக்சி ஓட்டுநரிடம் வேறொரு விடையும் கிடைக்கின்றன. இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் விடையளிக்கும் வினாக்கள்தாம் வேறு வேறு. வினாவின் சொற்கள் ஒன்றாக இருந்தாலும் அவற்றுள் மறைந்துள்ள ஒப்பீடு ஆளுக்கு ஆள் மாறுகின்றது.

மொழிப் பொழிவுத் தொடரில் காரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கலாம். இலக்கணம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு தொடரில் எது சொல்லப்பட்டது, எது விடுபட்டது என்று பிரித்தறியும் பயிற்சி, பல்லாயிரம் வெள்ளியைச் செலவிடும் பொழுதிலும் நமக்குத் துணைநிற்கும். அத்துணையோடு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

1. தொடரில் விடுபட்ட சொல்

தமிழில் ஒப்பீட்டைக் காட்டப் பெயரடையின் வடிவம் மாறுவதில்லை. 'பெரிய' என்னும் சொல் எங்கும் 'பெரிய' என்றே நிற்கும். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை வேற்றுமை உருபோ 'விட' என்னும் சொல்லோ காட்டும். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை நன்னூல் வகுக்கின்றது. தொல்காப்பிய உரையாசிரியர்கள், ஒன்றினைவிட மற்றொன்று மிக்கது என்று வேறுபடுத்திக் காட்டும் ஒப்பீட்டை 'உறழ்பொரு' என்று குறித்தனர்.

'இது செலவு குறைந்த கார்' என்று ஒருவர் கூறினால் அத்தொடர் இலக்கணப்படி நிறைவானதே. ஆனால் 'எதனின்' அல்லது 'எதைவிட' என்னும் உறுப்பு அதில் இல்லை. கேட்பவர் தம் மனத்தில் உள்ள ஏதேனும் ஒன்றை அவ்விடத்தில் வைத்து நிரப்பிக்கொள்கிறார். விளம்பர மொழியின் வலிமை பெரும்பாலும் இந்த வெற்றிடத்திலேயே இருக்கின்றது.

கலப்பினக் காரைப் பொறுத்தவரை அவ்வெற்றிடத்தை மூன்று வகையாக நிரப்பலாம். ஒன்று, அதே அளவுள்ள புதிய பெட்ரோல் காரைவிட. இரண்டு, நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் பழைய காரைவிட. மூன்று, கார் இல்லாமல் பேருந்திலும் ரயிலிலும் செல்வதைவிட. இம்மூன்றுக்கும் விடை ஒன்றன்று.

2. எரிபொருள் எவ்வாறு குறைகின்றது

கணக்கிற்குள் நுழையுமுன் காரின் இயக்கத்தைச் சுருக்கமாக அறிதல் நன்று. 'ஹைபிரிட்' என்னும் சொல் இலத்தீன் மூலத்தது. வீட்டுப்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டியை அது முதலில் குறித்தது. கலப்பின நெல், கலப்பின மாடு எனத் தமிழில் முன்பே வழங்கிய சொல்லே காருக்கும் வந்து சேர்ந்தது. காரில் கலப்பவை இனங்கள் அல்ல, இரு விசைகள். பெட்ரோல் இயந்திரம் ஒன்று, மின்கலத்தால் இயங்கும் மின்னோடி மற்றொன்று. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் கலப்பினக் காரான டொயோட்டா பிரியஸ் 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

பெட்ரோல் இயந்திரத்தின் பெருங்குறை, நகரத்தில் நின்று நின்று செல்லும்போது வெளிப்படுகின்றது. எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறிவிடுகின்றது. போக்குவரத்து விளக்கில் காத்திருக்கும்போதும் இயந்திரம் எரிபொருளைப் பருகிக்கொண்டிருக்கின்றது. வேகத்தைத் தணிக்கப் பிரேக்கை அழுத்தினால், அதுவரை திரட்டிய இயக்க ஆற்றல் முழுதும் பிரேக்கின் சூடாக வீணாகின்றது. கலப்பினக் கார் இவ்விரு இடங்களிலும் தலையிடுகின்றது. நிற்கும்போது இயந்திரத்தை அணைத்துவிடுகின்றது. வேகம் தணியும்போது மின்னோடியை மின்னாக்கியாக மாற்றி, ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேர்க்கின்றது. மீண்டும் புறப்படும்போது அந்த மின்னாற்றல் காரை உந்துகின்றது.

ஆகவே அடிக்கடி நிற்க வேண்டிய நகரச் சாலைகளில் கலப்பினக் காரின் பயன் மிகுதி. விரைவுச்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது பயன் குறைவு. சைனாடவுனின் நியூ பிரிட்ஜ் சாலையிலும் யூ டோங் சென் ஸ்திரீட்டிலும் மாலை நேரத்தில் ஊர்ந்து செல்பவர் பெறும் பயனை, நள்ளிரவில் தீவு விரைவுச்சாலையில் தடையின்றிச் செல்பவர் பெறமாட்டார். சிங்கப்பூர் நகர அமைப்பு கலப்பினக் காருக்கு இயல்பாகவே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

3. ஆண்டுக்கு எவ்வளவு?

இனி, எண்களைப் பார்ப்போம். வகுப்பறையில் மாணவர்கள் தாமே செய்து பார்ப்பதற்கு ஏற்றவாறு எளிய எண்களை எடுத்துக்கொள்கிறோம். பெட்ரோல் கார் ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், அதே அளவுள்ள கலப்பினக் கார் 25 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். தள்ளுபடி போகப் பெட்ரோல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 50 காசு எனக் கொள்வோம்.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்திற்குப் பெட்ரோல் காரில் 1,000 லிட்டர் தேவை. கலப்பினக் காரில் 600 லிட்டர் போதும். குறைவது 400 லிட்டர். பணமாக 1,000 வெள்ளி. பத்தாண்டில் 10,000 வெள்ளி. வார இறுதியில் மட்டுமே காரை எடுத்து ஆண்டுக்கு 7,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது பாதியாகி 500 வெள்ளியாகும். வாடகைக்கு ஓட்டி ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் செல்பவருக்கு நான்கு மடங்காகி 4,000 வெள்ளியாகும்.

கார் ஒன்றே, பெட்ரோல் விலையும் ஒன்றே. ஓடும் தொலைவு மாறியதும் மிச்சம் எட்டு மடங்கு வேறுபடுகின்றது. எனவே 'இந்தக் கார் எவ்வளவு மிச்சப்படுத்தும்?' என்ற வினாவில் எழுவாயே பொருந்தவில்லை. மிச்சப்படுத்துவது கார் அன்று, கார் ஓடும் தொலைவு.

4. விலை எவ்வாறு பெருகுகின்றது

மிச்சத்தைப் பெறுவதற்கு முதலில் கொடுக்க வேண்டிய கூடுதல் விலை எவ்வளவு? இங்கே சிங்கப்பூரின் நிலை பிற நாடுகளிலிருந்து பெரிதும் மாறுபடுகின்றது. இறக்குமதியாகும் காரின் திறந்த சந்தை மதிப்பின்மேல் 20 விழுக்காடு சுங்கத் தீர்வை விதிக்கப்படுகின்றது. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி வருகின்றது. அதன்பின் கூடுதல் பதிவுக் கட்டணம். 2023ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த படிநிலைகளின்படி, சந்தை மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடும், அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடும், அதற்கு மேல் படிப்படியாக 320 விழுக்காடு வரையிலும் இக்கட்டணம் உயர்கின்றது.

கலப்பினக் காரின் சந்தை மதிப்பு பெட்ரோல் காரினுடையதைவிட 4,000 வெள்ளி கூடுதல் என்றும், அக்கூடுதல் இரண்டாம் படியில் விழுகின்றது என்றும் கொள்வோம். சுங்கத் தீர்வை 800 வெள்ளி. பொருள், சேவை வரி 432 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் 5,600 வெள்ளி. மூலத்தொகையோடு கூட்டினால் 10,832 வெள்ளி. துறைமுகத்தில் நான்காயிரமாக இருந்த வேறுபாடு வாங்குபவர் கைக்கு வரும்போது பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகின்றது. மின்கலத்திற்கும் மின்னோடிக்கும் மட்டுமன்றி, அவற்றின் மேல் ஏறும் வரிகளுக்கும் நாம் விலை கொடுக்கிறோம். கார் பத்தாண்டுக்குள் பதிவு நீக்கம் செய்யப்பட்டால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அப்பகுதி எவ்வளவு என்பது வாங்கும் காலத்து விதியைப் பொறுத்தது.

இச்சுமையைக் குறைப்பதற்கென அரசு கழிவுகளை வழங்கி வந்துள்ளது. 2001இல் தொடங்கிய பசுமை வாகனக் கழிவுத் திட்டம், 2006 முதல் கலப்பினக் காருக்குச் சந்தை மதிப்பில் 40 விழுக்காடு கழிவு தந்தது. அது 2012 இறுதியில் முடிவுற்றது. 2013இல் கரிம வெளியீட்டை அளவாகக் கொண்ட திட்டமும், 2018இல் பிற மாசுகளையும் சேர்த்து அளக்கும் வாகன வெளியீட்டுத் திட்டமும் வந்தன. இத்திட்டத்தில் பெரும்பாலான கலப்பினக் கார்கள் 'ஏ2' பிரிவில் அமைந்தன. அப்பிரிவிற்கு 2023 வரை 15,000 வெள்ளி கழிவு கிடைத்தது. 2024இல் அது 5,000 வெள்ளியாகவும் 2025இல் 2,500 வெள்ளியாகவும் குறைந்தது. 2026 முதல் அப்பிரிவிற்குக் கழிவு இல்லை. மாசற்ற மின்சாரக் கார்களை நோக்கி ஆதரவு நகர்ந்துவிட்டது.

இவ்வரலாறு நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. 2023இல் கலப்பினக் கார் வாங்கியவர், '15,000 வெள்ளி கழிவு கிடைத்தது, எனக்கு இலாபம்' என்று சொன்னால் அது உண்மை. அவர் சொல்லைக் கேட்டு இன்று வாங்குபவருக்கு அது உண்மையன்று. காரும் அதன் இயக்கமும் மாறவில்லை. காலம் மாறியது. அண்டை வீட்டார் கூறும் பட்டறிவைக் கேட்கும்போது, 'எந்த ஆண்டில்?' என்றும் கேட்டல் வேண்டும்.

எத்தனை ஆண்டில் கூடுதல் விலை ஈடாகும் என்பதை இப்போது காணலாம். விற்பனையாளரின் தள்ளுபடியும் பதிவு நீக்கத்தின்போது திரும்பி வரும் தொகையும் போக, நிகர வேறுபாடு 8,000 வெள்ளி எனக் கொள்வோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இரண்டே ஆண்டில் ஈடாகிவிடும். 15,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்திற்கு எட்டாண்டு ஆகும். 7,500 கிலோமீட்டர் ஓடுபவருக்குப் பதினாறு ஆண்டு ஆகும். ஆனால் வாகன உரிமைச் சான்றிதழின் காலமோ பத்தாண்டு. மூன்றாமவர் ஈடு காணுமுன்னரே சான்றிதழ் முடிந்துவிடும்.

5. சான்றிதழின் பிரிவு

சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 1990ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய வாகனக் கட்டுப்பாட்டு முறையின்படி, காரைப் பதிவு செய்ய விரும்புபவர் ஏலத்தில் இச்சான்றிதழைப் பெற வேண்டும். 2008 இறுதியில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்கு வீழ்ந்ததும் உண்டு. 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளிக்கும் பெரிய கார்களுக்கான பிரிவு 150,001 வெள்ளிக்கும் உயர்ந்ததும் உண்டு.

பெட்ரோல் கார்களுக்கும் கலப்பினக் கார்களுக்கும் இயந்திரக் கொள்ளளவு 1,600 கன சென்டிமீட்டருக்கும் ஆற்றல் 97 கிலோவாட்டிற்கும் மிகாமல் இருந்தால் 'ஏ' பிரிவு. மிகுந்தால் 'பி' பிரிவு. எரிபொருள் சிக்கனத்திற்கும் இப்பிரிவிற்கும் தொடர்பில்லை. டொயோட்டா கொரொல்லா ஆல்டிஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் வகை 'ஏ' பிரிவில் அமைந்தது. 1.8 லிட்டர் கலப்பின வகை, பெட்ரோலைக் குறைவாகப் பருகினாலும், கொள்ளளவு கருதி 'பி' பிரிவிற்குச் சென்றது. மேற்கூறிய அக்டோபர் ஏலத்தில் இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு 44,001 வெள்ளி. ஆண்டுக்கு 1,000 வெள்ளி எரிபொருள் மிச்சம் காணும் குடும்பம் இதனை ஈடுசெய்ய நாற்பத்து நான்கு ஆண்டு காரை ஓட்ட வேண்டும். இவ்விடைவெளி எல்லா ஏலங்களிலும் இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்க. 1.5 லிட்டர், 1.6 லிட்டர் இயந்திரம் கொண்டு 'ஏ' பிரிவிலேயே அமையும் கலப்பினக் கார்களும் உள்ளன. ஆகவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையன்று. எந்தப் பிரிவு என்பதையே.

சாலை வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. கலப்பினக் காருக்கு இயந்திரக் கொள்ளளவின்படி ஒரு வரியும் ஆற்றலின்படி மற்றொரு வரியும் கணக்கிட்டு, எது மிகுதியோ அதுவே விதிக்கப்படுகின்றது. மின்னியல் சாலைக் கட்டணத்தில் கலப்பினக் காருக்கெனச் சலுகை இல்லை. வாகன நிறுத்தக் கட்டணத்திலும் இல்லை. வீவக பேட்டைகள் பலவற்றில் கூரையுள்ள நிறுத்துமிடத்திற்கு முதல் காருக்கான மாதக் கட்டணம் 110 வெள்ளி. ஆண்டுக்கு 1,320 வெள்ளி. நாம் கணக்கிட்ட ஆண்டு எரிபொருள் மிச்சம் முழுவதும் காரை நிறுத்தி வைப்பதற்கே போதவில்லை.

6. தண்ணீர் வண்டியின் கணக்கு

சிங்கப்பூரில் ஒரு காரின் செலவு எங்கே குவிகின்றது என்பதை விளக்கச் சைனாடவுனின் பழைய பெயர் உதவும். மலாயில் அவ்வட்டாரத்தின் பெயர் கிரேத்தா ஆயர். சீனத்தில் நியூ சே ஷுவெய். முன்னது 'தண்ணீர் வண்டி' என்றும், பின்னது 'எருது வண்டித் தண்ணீர்' என்றும் பொருள்படும். குழாய்நீர் வருமுன் ஆன் சியாங் குன்று முதலிய இடங்களின் கிணற்று நீரை எருது வண்டிகள் அங்கே சுமந்து வந்தன. 'கிரேத்தா' என்பது போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. இலங்கைத் தமிழில் மாட்டுவண்டியைக் குறிக்கும் 'கரத்தை' என்பதும் அதன் உறவே. இன்றைய மலாயில் அச்சொல் மோட்டார் காரைக் குறிக்கின்றது. ஒரே சொல் எருது வண்டியிலிருந்து கலப்பினக் காருக்கு வந்து நிற்கின்றது.

அந்நாளில் கால்நடை வணிகத்திற்குப் பெயர்பெற்றிருந்தது சிராங்கூன் பகுதி. இன்றைய லிட்டில் இந்தியாவின் எருமைச் சாலையும், எருமைப் பட்டி எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயரும் அதற்குச் சான்று. வண்டிக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கிணற்று நீருக்கு அவருக்குச் செலவு சிறிது. மாடு வாங்கிய பணம், வண்டி வாங்கிய பணம், நாள்தோறும் தீனி ஆகியவையே பெருஞ்செலவு. வண்டி ஓடாத நாளிலும் மாடு தின்னும். பல நடை சென்றால்தான் அச்செலவு ஒவ்வொரு நடைக்கும் சிறிதாகும்.

இன்றைய காருக்கும் இதே கணக்குத்தான். 100,000 வெள்ளிக்குச் சான்றிதழ் பெற்றவருக்கு ஆண்டுக்கு 10,000 வெள்ளி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 வெள்ளி கரைகின்றது. காரை எடுத்தாலும் கரையும், எடுக்காவிட்டாலும் கரையும். காரின் விலைத் தேய்மானம், காப்புறுதி, சாலை வரி, நிறுத்தக் கட்டணம் ஆகியவை இதற்கு மேல். நம் எடுத்துக்காட்டில் ஆண்டுப் பெட்ரோல் செலவு 2,500 வெள்ளி. அதை 1,500 ஆக்குவதற்கே இத்தனை ஆராய்ச்சியும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசிய கதை இதுவே.

எனவே மூன்றாம் ஒப்பீடான 'கார் இல்லாமல் இருப்பதைவிட' என்பதற்கு விடை ஐயமற்றது. எவ்வளவு சிக்கனமான கலப்பினக் காரும் பணத்தை மிச்சப்படுத்தாது. லிட்டில் இந்தியாவிலிருந்து சைனாடவுனுக்கு வடகிழக்கு ரயில் பாதையில் மூன்றே நிலையம். கட்டணம் இரண்டு வெள்ளிக்கும் குறைவு. முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் கைக்குழந்தைகளோடு பயணம் செய்யவும் கார் வேண்டும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாங்குவது வசதியை. வசதிக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. அதனை மிச்சம் என்று பெயரிட்டு அழைப்பதுதான் கூடாது.

இரண்டாம் ஒப்பீடான 'பழைய காரைவிட' என்பதற்கும் விடை பெரும்பாலும் அதுவே. இன்னும் ஐந்தாறு ஆண்டு சான்றிதழ் எஞ்சியுள்ள பெட்ரோல் காரை, எரிபொருள் செலவு கருதி மட்டும் கைவிட்டுப் புதிய கலப்பினக் காருக்கு மாறுபவர், ஆண்டுக்கு ஓராயிரம் வெள்ளி பெறுவதற்காகப் புதிய சான்றிதழுக்கும் புதிய வரிகளுக்கும் பல்லாயிரம் வெள்ளி கொடுக்கிறார்.

7. டாக்சி ஓட்டுநரின் விடை

எஞ்சியது முதல் ஒப்பீடு: அதே அளவுள்ள புதிய பெட்ரோல் காரைவிட. இதற்குத் தெளிவான 'ஆம்' கிடைக்கும் இடம் டாக்சித் துறை. ஒரு காலத்தில் சிங்கப்பூர் டாக்சி என்றாலே டீசல்தான். 2017இல் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு வீதம் தீர்வை விதிக்கப்பட்டு, 2019இல் அது 20 காசாக உயர்ந்தது. 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய இயலாது. இக்காலகட்டத்தில் நிறுவனங்கள் பிரியஸ், ஹியுண்டாய் ஐயோனிக் போன்ற கலப்பின வகைகளுக்கு மாறின. இன்று சாலையில் காணும் டாக்சிகளுள் பெரும்பாலானவை கலப்பினமே.

காரணம் நாம் முன்னரே கண்டதுதான். தொலைவு மிகுதி, நகரச் சாலை மிகுதி, நின்று செல்வது மிகுதி. ஆயினும் இங்கும் ஒரு கேள்வி எழும். மிச்சம் யாருக்கு? பெரும்பாலான ஓட்டுநர்கள் டாக்சியை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள். காரின் கூடுதல் விலையைக் கொடுப்பது நிறுவனம். எரிபொருளுக்குப் பணம் கொடுப்பது ஓட்டுநர். வாடகை எவ்வளவு உயர்கின்றது என்பதைப் பொறுத்தே எரிபொருள் மிச்சம் ஓட்டுநரின் கையில் நிற்கும். 'மிச்சமாகும்' என்னும் வினை எழுவாயாக மிச்சமாகும் பொருளைத்தான் கேட்கின்றது, பெறுபவரைக் கேட்பதில்லை. நான்காம் வேற்றுமையையும் சேர்த்து 'யாருக்கு மிச்சமாகும்?' என்று கேட்டால்தான் தொடர் முழுமை பெறும்.

பிற நாடுகளிலும் விடையை வரியே பெரிதும் முடிவு செய்கின்றது. இலங்கையில் இறக்குமதித் தீர்வைச் சலுகை இருந்த ஆண்டுகளில் ஜப்பானியக் கலப்பினக் கார்கள் பெருகின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய கார் வாங்கும் வாய்ப்பே இல்லாமையால், பழைய கலப்பினக் கார்களின் மின்கலத்தைப் பேணுவது குடும்பங்களின் கவலையாயிற்று. நிலையான விலையையும் நிலையான விதியையும் எண்ணிப் போடும் பத்தாண்டுக் கணக்கு, ஓர் அரசாணையால் மாறிவிடக்கூடும்.

மின்கலம் பற்றி ஒரு சொல். பல உற்பத்தியாளர்கள் கலப்பினக் காரின் மின்கலத்திற்கு எட்டாண்டு முதல் பத்தாண்டு வரை உத்தரவாதம் தருகின்றனர். புதிய காரைப் பத்தாண்டு ஓட்டிப் பதிவு நீக்கம் செய்பவருக்கு மின்கலச் செலவு வாராமலே போகலாம். பிரேக்கும் மெதுவாகவே தேயும். எச்சரிக்கை தேவைப்படுவது பழைய கலப்பினக் காரை வாங்குபவருக்கும், சான்றிதழைப் புதுப்பித்து மேலும் ஐந்தாண்டோ பத்தாண்டோ ஓட்ட எண்ணுபவருக்குமே. அவர்கள் மின்கலத்தை மாற்றும் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல கார்களில் பின்னிருக்கையின் அருகே மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத்துளை உள்ளது. அதைத் தூசு அடையாமல் காப்பது நம் வெப்ப நாட்டில் இன்றியமையாதது.

8. மிச்சமும் சேமிப்பும்

'மிச்சம்', 'சேமிப்பு' என்னும் இரு சொற்களையும் பேச்சில் ஒரே பொருளில் வழங்குகிறோம். இவற்றின் வேர்கள் வேறு. மிச்சம் என்பது மிகு, மிஞ்சு ஆகிய சொற்களோடு உறவுடையது. செலவு போக எஞ்சுவது மிச்சம். சேமிப்பு என்பது சேமம் என்பதன் வழி வந்தது. சேமம் என்றால் காவல், நலம். எஞ்சியதைக் காத்து வைத்தால்தான் சேமிப்பு. மத்திய சேம நிதியின் பெயரில் உள்ளதும் இச்சொல்லே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அந்நிதியின் சாதாரணக் கணக்கு தரும் 2.5 விழுக்காட்டு வட்டியை அளவுகோலாகக் கொள்வோம். கூடுதல் விலையான 8,000 வெள்ளியைக் காரில் போடாமல் அவ்வட்டியில் வைத்திருந்தால் பத்தாண்டில் அது ஏறத்தாழ 10,240 வெள்ளியாக வளரும். கலப்பினக் காரை வாங்கி, ஆண்டுதோறும் குறையும் 1,000 வெள்ளியைத் தவறாமல் அதே வட்டியில் இட்டு வந்தால், பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ 11,200 வெள்ளி சேரும். நிகர நன்மை 960 வெள்ளி அளவு. ஆனால் மாதந்தோறும் பெட்ரோல் நிலையத்தில் குறையும் எண்பது வெள்ளி, கண்ணுக்குத் தெரியாமல் வேறு செலவில் கரைந்துவிட்டால்? அப்போது பத்தாண்டு மிச்சம் 10,000 வெள்ளி. விட்டுக்கொடுத்தது 10,240 வெள்ளி. மிச்சம் இருந்தும் சேமிப்பு இல்லை.

சுற்றுச்சூழல் பயனைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமிலவாயு வெளியாகின்றது. ஆண்டுக்கு 400 லிட்டர் குறைந்தால் 900 கிலோகிராமுக்கு மேல் குறையும். சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தி வகையாக இருத்தல் வேண்டும். கலப்பினமும் அவ்வகையுள் அடங்கும். இந்நோக்கத்திற்காக ஒருவர் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தால் அது போற்றத்தக்கது. அதனைப் பண மிச்சத்தோடு குழப்பாமல் தனி வரியில் எழுதிக்கொள்வதே நேர்மையான கணக்கு.

9. தொகுப்புரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். கலப்பினக் கார் எரிபொருளை உறுதியாகக் குறைக்கும். பணத்தை மிச்சப்படுத்துமா என்பது நான்கைப் பொறுத்தது: ஆண்டுக்கு ஓடும் தொலைவு, கொடுக்கும் கூடுதல் விலை, சான்றிதழின் பிரிவு, வாங்கும் ஆண்டின் விதி. எப்படியும் புதிய கார் வாங்கத்தான் போகிறோம், ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவோம், இரு கார்களும் ஒரே பிரிவில் உள்ளன, நிகர வேறுபாடு எட்டாயிரத்திற்குள் அடங்குகின்றது என்றால் கலப்பினத்தைத் தேர்வதில் பொருளுண்டு. இவற்றுள் ஒன்று பிறழ்ந்தாலும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். குறைவாக ஓட்டுபவருக்குச் சிக்கனமான கார், பெரும்பாலும், விலை குறைந்த கார்தான்.

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாக்கலாம். மாணவர்களிடம் விளம்பரத் தொடர் ஒன்றைக் கொடுத்து மூன்று வினாக்களை எழுப்பச் சொல்லுங்கள். எதைவிட? யாருக்கு? எவ்வளவு காலத்தில்? பிறகு தம் வீட்டாரின் பயணத் தொலைவை ஒரு வாரம் குறித்துவந்து, மேற்கண்ட கணக்கைத் தம் எண்களைக் கொண்டு தாமே போட்டுப் பார்க்கட்டும். கார் இல்லாத வீட்டு மாணவர்கள் ஒரு மாதப் பேருந்து, ரயில் கட்டணத்தைக் கூட்டி, அதனை ஒரு மாதச் சான்றிதழ்ச் செலவோடு ஒப்பிடட்டும். வேற்றுமை உருபுகளை அட்டவணையாக மனனம் செய்வதைவிட, ஓர் உருபு விடுபட்டால் எத்தனை ஆயிரம் வெள்ளி தவறிப்போகும் என்று ஒருமுறை கண்டுகொண்ட மாணவர் அதனை எளிதில் மறக்கமாட்டார்.